செக்ரோலில் பெயர் விழாத டாக்டர்

போன மாதம் சங்க வேலையாகக் காஹாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டில் சாமிப் படத்துக்குக் கீழே, அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. வீட்டு மருமகளுக்கு நாலாம் மாதம். உரம் போடும் வேலை. ஏம்மா சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு மாமியார்தான் பதில் சொன்னார். அந்த மஞ்சள் மாத்திரையை விழுங்கினால் வயிற்றுப் பிள்ளை பெருத்துவிடுமாம், பிரசவம் கஷ்டமாகிவிடுமாம். என் பாட்டியும் இதே பேச்சுத்தான் பேசுவார். நான் லயத்தில் பிறந்து தோட்டப் பள்ளியில் படித்தவன். டிரஸ்ஸர் கொடுத்த மாத்திரைகள் கோழிக் கூண்டுக்குப் பின்னால் மண்ணில் கிடந்ததைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவிடம் நான் வாதாடவில்லை. உட்கார்ந்து ஒரு மனிதருடைய கதையைச் சொன்னேன். அதையே இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

மஞ்சள் மாத்திரையின் பெயர் ஃபோலிக் ஆசிட். அதை ஆராய்ச்சிக் கூடத்தில் முதன் முதலாகச் செயற்கையாகச் செய்து காட்டிய கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தவர். தெலுங்கு வீடு, அன்றைக்கு அந்த ஊர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. நம் ஆட்களோடு கப்பலேறி மலாயாவுக்கு வந்த தெலுங்குக் குடும்பங்களின் நாட்டுப்புறமும் அதுதான்.

படிப்பில் அவர் பெரிய சூரர் என்று நினைத்துவிடாதீர்கள். 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்பது திட்டம். தாயார் வெங்கம்மா விடவில்லை, திருப்பிக் கூட்டி வந்து பள்ளியில் தள்ளினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது தடவையில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாகப் போகிறேன் என்றார். அதற்கும் தாயார் சம்மதிக்கவில்லை. கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்கள் உதவினார்கள். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செலவைத் தாங்கினார். அவர் மகள் சேஷகிரிக்கும் சுப்பாராவுக்கும் 1919-ல் கல்யாணம்.

அந்தக் காலம் காந்தி அந்நியத் துணி வேண்டாம் என்று சொன்ன காலம். சுப்பாராவ் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளை எல்லாம் நன்றாக எழுதியும் கடைசியில் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கையில் வந்தது. அரசாங்க மருத்துவ வேலைக்கும் எடுபடவில்லை. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் வேலையில் உட்கார்ந்தார்.

இதற்கிடையில் வீட்டில் ஓர் இடி. ஸ்ப்ரூ என்று ஒரு நோய். வெப்ப நாடுகளில் வரும். குடல் சாப்பாட்டை ஏற்காது, பேதி நிற்காது, ரத்தம் வெளுத்து ஆள் எலும்பாகிப் போவார். அதற்குத் தன் உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தார் சுப்பாராவ். அவரையும் அந்த நோய் பிடித்தது. டாக்டர் ஆசந்த லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில்தான் பிழைத்தார். டாக்டருக்குப் படித்தவர், தன் வீட்டு நோய்க்குத் தன் படிப்பில் மருந்து இல்லை என்று கண்டால் மனசு என்ன பாடுபடும்!

1922 அக்டோபரில் அமெரிக்காவில் போஸ்டன் நகரில் போய் இறங்கினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிப் படிக்க இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். என்ன வேலை? நோயாளிகளின் மலச்சட்டியும் மூத்திரச்சட்டியும் கழுவும் வேலை. பகலில் ஹார்வர்டு, ராத்திரியில் சட்டி.

பிறகு ஹார்வர்டிலேயே உயிர் வேதியியல் பிரிவில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் மூத்திரத்திலும் பாஸ்பரஸ் என்ற சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். அன்றைக்கு அது லேசான காரியமல்ல. நம் பால் கொட்டகையில் கிராணி ஒரு கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, இத்தனை பாலில் இத்தனை ரப்பர் என்று சொல்வாரே, அதைப்போல ஒரு வழி வேண்டும். இவர்கள் கண்ட வழி நிறம். சில மருந்துகளைச் சேர்த்தால் பாஸ்பரஸ் இருக்கும் அளவுக்கு ஏற்ப நீல நிறம் ஏறும். வெளிச்சத்தை அதன் வழியே விட்டு, அளவு தெரிந்த இன்னொரு நீலத்தோடு ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். 1925-ல் வெளியான இந்த முறைக்கு ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று பெயர். ஆராய்ச்சிக்கூடங்களில் பல தலைமுறை மாணவர்கள் இதைப் படித்து வளர்ந்தார்கள். அவர் பெயர் ஒழுங்காக விழுந்த இடம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் தசைக்குள் புகுந்து பார்த்தார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. என்று இரண்டு பொருள்கள் கிடைத்தன. நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி ஒருவர் செம்பனைக் குலையை அறுத்து இழுக்கிறார். அவர் காலையில் சாப்பிட்ட சோறு அப்படியே நேராகக் கைக்குப் பலமாக வந்துவிடுவதில்லை. சோறு என்பது மாதச் சம்பளம் மாதிரி. அதைச் சில்லறையாக மாற்றி மடியில் வைத்திருந்தால்தானே கடையில் செலவழிக்க முடியும்? அந்தச் சில்லறைதான் ஏ.டி.பி. சில்லறை தீர்ந்தால் சட்டென்று கைமாற்றுக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்போகிரியேட்டின். அதற்கு முன்னால் தசையின் பலத்துக்கு லாக்டிக் ஆசிட்தான் காரணம் என்று நம்பினார்கள். அந்த ஆராய்ச்சிக்கு 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணம் மாற இந்தக் கண்டுபிடிப்புகள் வழி செய்தன. ஏ.டி.பி.யை அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாகக் கண்டார்.

இவ்வளவும் செய்தவருக்கு ஹார்வர்டு என்ன கொடுத்தது? 1930-ல் பிஎச்.டி. பட்டம் கொடுத்தது. நிரந்தர வேலை கொடுக்கவில்லை. வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் இல்லை. சங்கத்துக்காரன் என்கிற முறையில் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் ரத்தம் கொதிக்கத்தான் செய்கிறது. ஃபிஸ்க், சுப்பாராவின் வேலை சிலவற்றை வெளியே வரவிடாமல் வைத்துக்கொண்டார் என்றும், அதனால் சில பொருள்களைப் பல வருஷம் கழித்து மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டி வந்தது என்றும் பிற்காலத்தில் ஒருவர் எழுதினார். அவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஹார்வர்டில் கூட இருந்தவர், 1988-ல் நோபல் பரிசு பெற்றவர். செக்ரோலில் பேர் விழாவிட்டால் நாம் வெட்டிய மரமும் வெட்டாத மரம்தான். அது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1940-ல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். சீக்கிரமே அதற்குத் தலைவரானார். மீதியிருந்தது எட்டே வருஷம். அதற்குள் செய்ததை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

முதலில் நம் மஞ்சள் மாத்திரை. இதன் வேர் பம்பாயில் இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டரம்மா 1928-ல் அங்கே போனார். பஞ்சாலைப் பெண்கள் கர்ப்பமானால் ரத்தம் வற்றி வெளுத்துப் போவதைக் கண்டார். இரும்புச் சத்துக் குறைந்தால் ரத்த அணு சிறுத்து வெளுக்கும். இந்தப் பெண்களுக்கோ அணு பெருத்து, பக்குவப்படாமல், எண்ணிக்கை குறைந்து இருந்தது. நம் கடைகளிலும் விற்கிறதே மார்மைட், அதைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதில் ஏதோ சத்து இருக்கிறது, அது ஈரலிலும் இருக்கிறது என்று தெரிந்தது. 1941-ல் அமெரிக்காவில் வேறு ஆராய்ச்சியாளர்கள் 4 டன் பசலைக்கீரையை அரைத்துப் பிழிந்து துளியளவு எடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தார்கள். 4 டன் கீரைக்குத் துளி மருந்து என்றால் ஏழைக்கு எப்படி எட்டும்? சுப்பாராவின் கூட்டம் அதன் அமைப்பைக் கண்டறிந்து 1945-ல் கீரையும் ஈரலும் இல்லாமலே செய்துவிட்டது. காசு பெறாத மாத்திரையானது அப்படித்தான். அதைக் கொடுத்துப் பார்த்ததில் ஸ்ப்ரூ நோயாளிகளும் தேறினார்கள். அவர் வீட்டில் உயிரைக் குடித்த அதே ஸ்ப்ரூதான். உடன்பிறந்தவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடம்பில் புது அணு உண்டாகிற இடத்திலெல்லாம் இந்தச் சத்து வேண்டும். வயிற்றுப் பிள்ளையின் முதுகுத்தண்டு நரம்பு கருத்தரித்து நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். அப்போது இது குறைந்தால் பிள்ளை ஊனமாகப் பிறக்கலாம் என்பது 1991-ல் ஐயமறத் தெரிந்தது. அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சாப்பிடச் சொல்கிறார்கள். பிள்ளை பெருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கீரையிலும் பயறிலும் இது உண்டு, ஆனால் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தில் பாதி அதோடு போய்விடும்.

அதே ஃபோலிக் ஆசிட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு மருந்தும் வந்தது. ரத்தப் புற்றுநோய் பிடித்த குழந்தைகளுக்கு இந்தச் சத்து நோயைத்தான் வளர்க்கிறது என்று போஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் கண்டார். அப்படியானால் சத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று இருந்தால்? சுப்பாராவின் கூடம் அமினோப்டெரினைச் செய்து அனுப்பியது. சாகக் கிடந்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதாக 1948-ல் ஃபார்பர் அறிவித்தார். அதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் பயன்படுகிறது.

யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அந்தக் கூடத்தில் 1947-ல் வந்ததே. அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் வெளிவரும், அதனால்தான் அந்தக் காலத்தில் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மலேசியாவில் 2004-ல் யானைக்காலை ஒழிக்க ஊர் ஊராகக் கொடுத்த மாத்திரைகளில் இதுவும் ஒன்று.

வேலைக்கு வயசாகிவிட்டது என்று பல்கலைக்கழகம் அனுப்பிய 70 வயதுக்கு மேற்பட்ட தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கருக்கு லெடர்லியில் இடம் கொடுத்தார்கள். அந்தக் கிழவர் வயல் மண்ணில் பொன் நிறக் கிருமி ஒன்றைக் கண்டு ஆரியோமைசின் எடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. செம்பனைக் காட்டில் உண்ணிப் பூச்சிக் குஞ்சு கடித்து வரும் காய்ச்சலுக்கு இப்போது கொடுக்கும் டாக்சிசைக்ளின் அதே குடும்பம்தான்.

1948-ல் ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், ஆகஸ்ட் 9 காலையில், தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. வயது 53. அமெரிக்கக் குடியுரிமை இந்தியர்களுக்கு 1946-ல் திறந்துவிடப்பட்டிருந்தும், இந்தியராகவே இறந்தார். கண்டுபிடிப்புகளில் தன் பெயரை முன்னால் போட்டுக்கொள்வதில்லை, கீழே வேலை செய்தவர்களின் பெயரைப் போட்டுவிடுவார். அது பெருந்தன்மை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. 1995-ல் இந்தியா அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது.

காஹாங் வீட்டில் இவ்வளவும் சொல்லி முடித்தேன். மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த மனுஷனுடைய பெஞ்சாதி என்ன ஆனாள்?

கப்பலேறும்போது சேஷகிரி அம்மாள் கர்ப்பம். பிறந்த ஆண் பிள்ளை ஒரு வயது முடிவதற்குள் இறந்தது. அவர் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒருதரம்கூட ஊருக்குத் திரும்பவும் இல்லை. அந்த அம்மாள் காத்திருந்ததுதான் மிச்சம்.

கிழவி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, சோற்றுக்கு முன்னால் போடணுமா பின்னால் போடணுமா என்று மருமகளைக் கேட்டார். மருமகளுக்கும் தெரியவில்லை. வருகிற கிளினிக் நாளில் மிஸ்ஸியிடம் கேட்டு வரச் சொன்னேன். அன்றைக்கு லீவு கேட்டால் காண்டிராக்டர் சம்பளத்தைப் பிடிப்பான் என்று அந்தப் பெண் சொன்னாள். அதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.