எம். வி. வெங்கட்ராம்

எம். வி. வெங்கட்ராம் (மே 18, 1920 – சனவரி 14, 2000) தமிழ்ச் சிறுகதை, புதின எழுத்தாளர். மணிக்கொடி எழுத்தாளர்களுள் வயதில் இளையவர். தமக்கு நேர்ந்த மனத்துன்பத்தை அடிப்படையாகக் கொண்டு இவர் எழுதிய காதுகள் என்னும் புதினத்துக்கு 1993ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

வாழ்க்கைச் சுருக்கம்

வெங்கட்ராம் கும்பகோணத்தில் பட்டு நெசவுத் தொழில் செய்துவந்த சௌராட்டிரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே தாய்மாமன் குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாகச் சென்றார். பொருளியலில் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1936இல், தமது பதினாறாம் வயதில், இவரது முதல் சிறுகதை மணிக்கொடி இதழில் வெளிவந்தது. கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு ஆகியோர் இவரது இலக்கிய நண்பர்கள்.

பட்டுச் சரிகை வணிகத்தில் ஈடுபட்டுச் செல்வந்தராக வாழ்ந்தார். 1948இல் தேனீ என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். பின்னாளில் வணிகம் நலிவுற்று வறுமை சூழ்ந்தது. அக்காலத்தில் சிறு வாழ்க்கை வரலாற்று நூல்கள் பலவற்றை எழுதியும் மொழிபெயர்ப்புகள் செய்தும் குடும்பத்தைக் காத்தார்.

மனத்துன்பமும் காதுகள் புதினமும்

நடுவயதில் வெங்கட்ராமுக்குக் காதுகளுக்குள் இடைவிடாது குரல்கள் கேட்கத் தொடங்கின. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்துன்பம் நீடித்தது. வெளியில் ஒலி ஏதும் இல்லாதபோது குரல் கேட்பதை மருத்துவர்கள் செவிப்புல மாயத்தோற்றம் என்பர். உளப்பிணிகளிலும், கடுமையான மனச்சோர்விலும் இது தோன்றக்கூடும்.

1992இல் வெளிவந்த காதுகள் இந்த அனுபவத்தைக் கூறுகிறது. இதன் தலைவன் மகாலிங்கம் ஓர் எழுத்தாளன், முருக பக்தன். அவன் காதுகளில் முதலில் ஓசைகளும், பின்னர் ஆண், பெண் குரல்களும் கேட்கின்றன. அவை ஏசுகின்றன, ஆபாசமாகப் பேசுகின்றன, தம்முள் வாதிடுகின்றன. காளி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு சக்தி அவனை வசப்படுத்த முயல்கிறது. புறத்தில் கடனும் வறுமையும் பெருகுகின்றன.

இத்தனைக்கும் இடையே மகாலிங்கம் தன் நிலையைத் தானே விலகி நின்று கவனிக்கிறான். சில இடங்களில் எள்ளவும் செய்கிறான். மீட்சி இப்புதினத்தில் ஒரே நாளில் கிடைக்கும் குணமாகக் காட்டப்படவில்லை. குரல்கள் ஓயாதபோதும் அவற்றுக்கு அடிபணியாமல் அறிவையும் நம்பிக்கையையும் பற்றிக்கொண்டிருப்பதே மீட்சியாகிறது. நிகழ்வது நோயா, ஆன்மிகப் போராட்டமா என்ற வினாவுக்கு இருவகையிலும் விடை காண நூல் இடமளிக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் வா 1957இல் வெளியிட்ட கில்பர்ட் பின்ஃபோல்டின் சோதனை என்ற புதினம் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1954இல் இலங்கைக்குக் கப்பலில் சென்றபோது அவரும் குரல்களைக் கேட்டார். அவர் உட்கொண்ட தூக்க மருந்துகளே அதற்குக் காரணம் என அறியப்பட்டது. மருந்தை மாற்றியதும் குரல்கள் நின்றன. வெங்கட்ராமின் துன்பத்துக்கு அத்தகைய எளிய முடிவு இல்லை. ஆண்டுக்கணக்கில் பொறுத்து, முதுமையில் அதனையே இலக்கியமாக்கினார் என்பதே காதுகள் புதினத்தின் சிறப்பு.

பிற படைப்புகள்

மகாபாரதத்தில் வரும் மாதவியின் கதையை நித்யகன்னி புதினமாக எழுதினார். வேள்வித் தீ (1975) கும்பகோணத்துச் சௌராட்டிர நெசவாளர்களின் வாழ்வைச் சித்தரிக்கிறது. இருட்டு, உயிரின் யாத்திரை, அரும்பு, ஒரு பெண் போராடுகிறாள் ஆகியன இவரது ஏனைய புதினங்கள். என் இலக்கிய நண்பர்கள் என்ற நூலில் சமகால எழுத்தாளர்களுடனான நட்பைப் பதிவு செய்துள்ளார்.

மறைவு

வெங்கட்ராம் 2000ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் தமது எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார்.