கொடையும் தாழ்ச்சியும்: வீரமாமுனிவரின் வாழ்வும் எழுத்துப்பணியும்

முன்னுரை

கிறித்தவ மறைநோக்கில் திறமை மனிதனின் உடைமை அன்று. இறைவன் அவனிடம் ஒப்படைத்த கொடை. மத்தேயு நற்செய்தியில் இடம்பெறும் தாலந்து உவமை, பெற்றதைப் புதைத்து வைத்தவனைக் கண்டிக்கிறது. பவுலடியாரோ, பெற்றதைத் தன்னதெனக் கருதிப் பெருமை கொள்பவனைக் கண்டிக்கிறார். கொடையை மறைத்தலும் அதனால் செருக்குதலும் ஒருங்கே விலக்கத்தக்கன என்னும் இந்நெறியில், கத்தோலிக்கத் துறவியாகிய வீரமாமுனிவர் தம் புலமையை எவ்வாறு பயன்படுத்தினார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறப்பும் துறவும்

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே நகரில் பிறந்தார். குறுநில ஆட்சியுரிமையைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்த புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. பெஸ்கி 1698இல் அதே சபையில் சேர்ந்தார். 1710இல் கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார். குருத்துவக் கல்வியை நிறைவு செய்து முப்பது அகவையை எட்டியிருந்தவர், இங்கு எழுத்தறியத் தொடங்கும் மாணவரானார். சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது வழிவழிச் செய்தி. தைரியநாதர் என முதலில் வழங்கப்பெற்றவர், பின்னர் வீரமாமுனிவர் எனப் பெயர் பெற்றார்.

சரித்திரம் காட்டும் தோற்றம்

முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாறு முனிவரைப் பல்லக்கும் பரிவாரமும் சூழ்ந்த பெருமகனாகவும், சந்தா சாகிபின் திவானாகவும் காட்டுகிறது. இதனை முழுதும் ஏற்பின் அவரது தாழ்ச்சி ஐயத்துக்குரியதாகிறது. ஆயின், திவான் பதவி பற்றிய செய்தியைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. இந்நாட்டுத் துறவியரைப்போல் உடுத்தலும் ஒழுகுதலும், இராபர்ட் தெ நொபிலி காலந்தொட்டு மதுரைத் தளம் கைக்கொண்ட முறையே ஆகும். காப்பியங்களில் வரும் அவையடக்கமும் மரபுவழி வாய்பாடு ஆதலின், அதனைக் கொண்டு ஒருவரின் தாழ்ச்சியை அளத்தல் இயலாது. எனவே, அவர் எதைப் பாடினார், யாருக்காக எழுதினார் என்னும் இரண்டுமே உறுதியான சான்றுகளாகின்றன.

காப்பியத் தலைவர்

முனிவரின் கவித்திறம் முழுமையாக வெளிப்பட்ட நூல் தேம்பாவணி. 1726இல் இயற்றப்பெற்ற இது 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இதன் தலைவர் புனித சூசை. தாவீது அரசரின் வழித்தோன்றல் எனினும், அவர் கைத்தொழில் செய்து வாழ்ந்த தச்சர். நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. தன்னிகரில்லாத் தலைவனைப் பாட வேண்டும் என்னும் காப்பிய இலக்கணத்துக்குப் போரும் வெற்றியும் உடைய தலைவர் பலர் கிடைக்கக்கூடும். பேசாது பணிந்து நடந்த ஒருவரை அவ்விடத்தில் அமர்த்தியதே, முனிவர் தம் கொடையை எத்தகைய விழுமியத்துக்கு உரியதாக்கினார் என்பதைக் காட்டுகிறது. சிந்தாமணி, கம்பராமாயணம், திருக்குறள் ஆகியவற்றின் செல்வாக்கு இக்காப்பியத்தில் தெளிவாகப் புலப்படுகிறது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த செயலில், கற்ற மொழிக்கு அவர் காட்டிய நன்றியறிதலைக் காணலாம்.

புலமையின் இறங்குமுகம்

காப்பியம் பாடிய மறு ஆண்டே, 1727இல், ஊர்தோறும் மறைக்கல்வி புகட்டிய வேதியர்க்காக வேதியர் ஒழுக்கத்தை உரைநடையில் எழுதினார். கொடுந்தமிழுக்கு இலத்தீனில் எழுதிய இலக்கணம், புதிதாக வரும் மறைப்பணியாளர்க்குப் பயன்படும் நோக்குடையது. பரமார்த்த குருவின் கதையும் மொழி பயில்வோர்க்கு உதவிய எளிய நூலே. 1732இல் அமைந்த சதுரகராதி, செய்யுளாக இருந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்தோரே பொருள் அறியும் நிலையை மாற்றி, சொற்களைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து அகரநிரலில் தந்தது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கியதும் தொடக்கநிலைக் கற்போர்க்கு உதவிய பணியே. ஐந்திலக்கணமும் கூறும் நூலுக்குத் தொன்னூல் விளக்கம் எனப் பெயரிட்டதில், புதியது படைத்தேன் என்னும் உரிமைக் கோரிக்கை இல்லை. முன்னோர் நூலை விளக்குவோன் என்னும் நிலையே உள்ளது.

மறுபக்கச் சான்று

தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து அவர் எழுதிய நூல்களில் கடுமை மிகுதி. வேத விளக்கம், பேதகமறுத்தல் போன்றவற்றைப் படிப்போர், தாழ்ச்சி அவரிடம் எங்கும் ஒரேபடித்தாக நிலவியது எனக் கூறமாட்டார். எனினும் அவரது கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான். கருத்தால் மாறுபட்டோரும் ஏற்றுப் பயன்கொள்ளும் வகையில் அவரது கொடை பொதுமை பெற்றதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. சொற்போரில் வெளிப்படாத தாழ்ச்சி, கற்பிக்கும் நூல்களில் வெளிப்பட்டது என்பதே பொருந்தும்.

முடிவுரை

திருக்காவலூர் என அவர் போற்றிய ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பி, அன்னைமேல் கலம்பகமும் பாடிய முனிவர், 1747 பிப்ரவரி 4 அன்று கேரளத்து அம்பலக்காட்டில் மறைந்தார் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பெற்றது. அவரைப் போற்றுவோர் பெரிதும் தேம்பாவணியின் உயரத்தையே சுட்டுவர். அவ்வுயரத்தை எட்டிய பின்னரும் வேதியர்க்கும் தொடக்கநிலை மாணாக்கர்க்கும் உரிய நூல்களைச் செய்ய அவர் தயங்கவில்லை. பெற்ற கொடையை, அதனைப் பெறாதாரின் தேவைக்கேற்ப அளித்த இச்செயலிலேயே கத்தோலிக்க நெறி கூறும் தாழ்ச்சியும் நன்றியும் ஒன்றுபடுகின்றன. ஆகவே, முனிவரின் ஆளுமையை மதிப்பிடும் ஆய்வுகள், காப்பியத்துக்கு இணையாக அவருடைய பயிற்சி நூல்களையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.