கான்சாகிபு யாருடைய ஆள்? மதுரையில் தூக்கிலிடப்பட்ட மருதநாயகத்தின் கதை

மதுரை காளவாசலைத் தாண்டி தேனி ரோட்டை ஒட்டி இருக்கிறது சம்மட்டிபுரம். கடைகள், பைக் ஷோரூம்கள், ஷேர் ஆட்டோ சத்தம் என எல்லா ஏரியாவையும் போலத்தான் இருக்கும். அதற்குள்ளே ஒரு சிறிய பள்ளிவாசல், பள்ளிவாசலுக்குள் ஒரு சமாதி. 1764 அக்டோபர் 15 அன்று இந்தப் பகுதியில் தூக்கிலிடப்பட்ட ஒருவருடையது அது. அதன் மேல் கட்டடம் எழுந்தது 44 ஆண்டுகள் கழித்து, 1808-இல்.

அவர் பெயர் முகமது யூசுப் கான். மதுரைக்காரர்களுக்குக் கான்சாகிபு. நமக்கு மருதநாயகம்.

1997 அக்டோபரில் கமல்ஹாசனின் படத் தொடக்க விழாவுக்கு ராணி எலிசபெத்தே சென்னை வந்துபோனதால் பெயர் எல்லோருக்கும் தெரியும். படம் இன்றுவரை வரவில்லை. அதனால்தானோ என்னவோ, பெயர் தெரிந்த அளவுக்கு கதை தெரியாது. வெள்ளையரை எதிர்த்த முதல் வீரர்களில் ஒருவர் என்று ஒரு தரப்பு. வெள்ளையருக்காகப் புலித்தேவரை அடக்கியவர் என்று இன்னொரு தரப்பு. விஷயம் என்னன்னா, இரண்டுமே உண்மை.

பனையூரில் இருந்து ஆற்காடு வரை

ராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில், 1725-ஐ ஒட்டி அவர் பிறந்ததாகச் சொல்வார்கள். இயற்பெயர் மருதநாயகம் பிள்ளை என்பதும், சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் இஸ்லாத்தைத் தழுவினார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. கம்பெனி ஆவணங்களில் அவர் வெளிச்சத்துக்கு வருவது 1752-இல். ராபர்ட் கிளைவின் படையில் ஒரு சிப்பாய்க் கூட்டத்தோடு வந்து சேர்கிறார்.

அந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். ஆற்காடு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் சந்தா சாகிப், அவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. இன்னொருவர் முகமது அலி, அவருக்கு இங்கிலீஷ் கம்பெனி துணை. சண்டை நம்ம ஊரில், கணக்கு ஐரோப்பாவில். இரண்டு பக்கமும் நம்பியது உள்ளூர் சிப்பாய்களைத்தான். அந்தச் சிப்பாய்களை நடத்தத் தெரிந்த ஆளுக்கு அன்று இருந்த மவுசே தனி.

யூசுப் கானுக்கு அது கைவந்த கலை. திருச்சிராப்பள்ளியை எதிரிகள் சூழ்ந்திருந்தபோது வெளியிலிருந்து அரிசி, ஆயுதங்களைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு. தளபதி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் அவரை வெளிப்படையாகப் பாராட்டினார். 1754-இல் கம்பெனியின் சிப்பாய்கள் எல்லோருக்கும் கமாண்டன்ட் ஆனார். அடுத்த ஆண்டு தங்கப் பதக்கமும் கிடைத்தது.

ஒரு போலிக் கடிதம்

இந்த இடத்தில், அதிகம் பேசப்படாத ஒரு சம்பவம். 1754-இல் ஆங்கிலேயர் முகாமில் ஒரு கடிதம் அகப்பட்டது. யூசுப் கான் எதிரிகளான மைசூர்க்காரர்களோடு ரகசியமாக டீல் பேசுகிறார் என்று காட்டும் கடிதம். அவரைக் காவலில் வைத்து விசாரித்தார்கள். விசாரணை போகப்போக கதை திரும்பியது. கடிதமே போலி. லாரன்ஸின் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன்தான் மைசூர் தரப்போடு தொடர்பு வைத்திருந்தார், யூசுப் கானைக் கவிழ்க்கச் செய்த வேலை அது என்று முடிவானது.

பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

துரோகி என்ற பட்டம் அவர் மேல் முதல் தடவை விழுந்தது அப்போதுதான். அந்தத் தடவை கம்பெனி அவரை நம்பியது.

சாமி சிலைகளும் நத்தம் கணவாயும்

1755-இல் கர்னல் ஹெரான் தலைமையில் மதுரை, திருநெல்வேலிப் பக்கம் வரி வசூலிக்க ஒரு படை போனது. யூசுப் கானும் கூடப் போனார். மதுரைக்குப் பக்கத்தில் திருமோகூர் வட்டாரக் கோயில்குடியில் ஹெரானின் ஆட்கள் கோயிலைச் சூறையாடி, சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டார்கள். வித்தால் காசு வரும் இல்லையா, அதுதான் கணக்கு.

படை திரும்பும்போது நத்தம் கணவாய்க் காட்டில் கள்ளர்கள் மறித்தார்கள். நீண்ட வரிசையாக வண்டிகள், குறுகலான பாதை, இரண்டு பக்கமும் மரங்கள். சாமி, சாமி என்று கத்திக்கொண்டே விழுந்து தாக்கினார்கள். பல உயிர்கள் போயின. சிலைகளை மீட்டு எடுத்துக்கொண்டுதான் அவர்கள் காட்டுக்குள் மறைந்தார்கள். ஹெரான் பிறகு ராணுவ நீதிமன்ற விசாரணையில் பதவி இழந்தார்.

யூசுப் கான் இதிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டாரா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனா மதுரை அவர் கைக்கு வந்த பிறகு கோயில் விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் வேறு மாதிரி இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலில் ஒரு பக்கீர் கொடி நட்டுத் தனக்கென்று கட்டடம் எழுப்பத் தொடங்கியதாகவும், அவரைக் கான்சாகிபு வெளியேற்றியதாகவும், பறிபோயிருந்த கோயில் மானியங்களைத் திரும்பக் கொடுத்ததாகவும் மதுரை வரலாறு பதிவு செய்திருக்கிறது.

ஐந்து லட்சம், ஏழு லட்சம்

1756-இல் இருந்து மதுரையும் திருநெல்வேலியும் அவர் பொறுப்பு. நடுவில் ஒரு பிரேக். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பரில் மெட்ராஸை முற்றுகையிட்டபோது, யூசுப் கானை அங்கே கூப்பிட்டார்கள். வெளியே இருந்துகொண்டு பிரெஞ்சுப் படையின் சப்ளை வழிகளைத் தாக்கிக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டார்.

கைம்மாறு மாதிரி, மதுரை மறுபடி அவருக்கே. இந்த முறை குத்தகைக்கு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். இந்தக் குத்தகை முறைதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் திறவுகோல். குறிப்பிட்ட தொகையை மேலே கட்டிவிட வேண்டும், வசூலிப்பது உங்கள் பாடு. கூடுதலாக வந்தால் லாபம், குறைந்தால் நஷ்டம். இன்றைய டோல்கேட் காண்ட்ராக்ட் மாதிரி, கூடவே ஒரு பட்டாளமும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எப்படி இருக்கும்? அப்படி.

பாளையக்காரர்கள் வரி கட்ட மறுத்தால் குத்தகைதாரர்தான் போய்ச் சண்டை போட வேண்டும். புலித்தேவரோடு அவர் ஆண்டுக்கணக்கில் மோதி, 1761-இல் நெற்கட்டும்செவலைப் பிடித்தது இப்படித்தான். தென்பாண்டிச் சீமையில் அவர் பெயர் இன்றும் கசப்பதற்கு இது ஒரு காரணம். அவரை முழுச் சுதந்திரப் போராளியாகக் காட்டும் கட்டுரைகள் இந்த ஐந்தாறு ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். அது நியாயமில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. மதுரையில் குளங்கள், வாய்க்கால்கள் பழுதுபார்க்கப்பட்டன. நெசவாளர்களுக்கு ஆதரவு கிடைத்தது. திருட்டு குறைந்தது, வியாபாரிகள் பயமில்லாமல் நடமாடினார்கள். கோட்டையைப் பலப்படுத்தினார், பீரங்கிகளை இங்கேயே வார்த்தார். மேலே கட்ட வேண்டிய பணமும் போனது.

அப்புறம் எங்கே பிரச்சினை? அடுத்த நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகையை நீட்டிக் கொடுங்கள், ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன் என்று அவர் கேட்டார். மறுத்துவிட்டார்கள்.

காரணம் நவாப் முகமது அலி. சண்டைகளுக்காகக் கம்பெனி செய்த செலவெல்லாம் அவர் தலையில் கடனாக ஏறியிருந்தது. கடனை அடைக்க அவருக்கு மதுரை வருமானம் தேவை. அதோடு, தன் நாட்டில் தனக்குச் சமமாக ஒருவர் வளர்வது எந்த நவாபுக்குப் பிடிக்கும்? யூசுப் கான் என் வேலைக்காரர், என்னிடம்தான் பணம் கட்ட வேண்டும் என்றார். கம்பெனியும் நவாப் பக்கம் சாய்ந்தது.

யூசுப் கான் பார்வையில் அவரை நியமித்தது கம்பெனி, பதக்கம் கொடுத்தது கம்பெனி. இப்போது திடீரென்று பாஸை மாற்றுகிறார்கள். நேரில் வரச் சொல்லி அழைப்புகள் வந்தன. போனால் திரும்ப முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். போகவில்லை. ஆள் சேர்க்கத் தொடங்கினார்.

தப்பான நேரத்தில் ஏறிய கொடி

1763 தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மார்ஷாண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் பிரெஞ்சு வீரர்கள் அவரோடு சேர்ந்தார்கள். கம்பெனியை எதிர்க்க அதன் பரம எதிரியைத் துணைக்குச் சேர்ப்பது, காகிதத்தில் சரியான கணக்குதான்.

ஆனா அதே நேரத்தில், 1763 பிப்ரவரி 10 அன்று, பாரிஸில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதில் இந்தியாவைப் பற்றிய பிரிவில், கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாப் முகமது அலிதான் என்று பிரான்சும் ஒப்புக்கொண்டது. கப்பல் சுற்றி வந்து சேதி இங்கே சேரவே பல மாதம் ஆகும். ஆக, மதுரையில் பறந்த கொடிக்குச் சொந்தக்காரர்கள், அந்தக் கொடியின் கீழ் நின்றவரின் எதிரியை ஏற்கெனவே அங்கீகரித்துவிட்டார்கள். அவருக்கு இனி எந்தப் பெரிய நாட்டின் உதவியும் வரப்போவதில்லை.

முற்றுகை

1763 பிற்பகுதியில் கர்னல் மான்சன் படையோடு வந்தார். மதுரை சுளுவாக விழவில்லை. நாயக்கர் காலக் கோட்டை, 72 கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. பருவமழை பிடித்ததும் முற்றுகை கலைந்தது.

அடுத்த ஆண்டு மேஜர் சார்ல்ஸ் கேம்ப்பெல் வந்தார். 1764 ஜூன் 26 அன்று கோட்டை மேல் நேரடியாக ஏறினார்கள். தோல்வி. மேஜர் பிரஸ்டன் இந்தத் தாக்குதலில் பட்ட காயத்தால் இறந்தார். தாங்களே பயிற்சி கொடுத்து வளர்த்த தளபதியின் சிப்பாய்களிடம் கம்பெனி வாங்கிய அடி அது.

அதன் பிறகு கேம்ப்பெல் உத்தியை மாற்றினார். ஏறுவதில்லை, உள்ளே எதையும் போக விடுவதில்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். உள்ளே தானியம் தீர்ந்தது. சம்பளம் நின்றது. சண்டையில் விழாத கோட்டை பசியில் ஆட்டம் கண்டது.

அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்தபோது என்று சொல்வார்கள், அவருடைய ஆட்களே அவரைப் பிடித்தார்கள். திவான் சீனிவாச ராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சு அதிகாரி மார்ஷாண்ட் ஆகிய மூவரின் கூட்டு வேலை. அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்பது மதுரையில் இன்றும் புழங்கும் கதை. கைதியை நவாபிடம் ஒப்படைத்தார்கள். இரண்டே நாளில் தூக்கு. விசாரணை எதுவும் கிடையாது. பத்து வருடம் முன்பு ஒரு போலிக் கடிதத்துக்காக அவரைக் கூப்பிட்டு விசாரித்தவர்கள், இந்த முறை எதையும் கேட்கவில்லை. அவருக்கு மாசா என்ற, போர்ச்சுகீசிய வழிவந்த மனைவியும் ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள்.

கயிறு அறுந்ததா?

இரண்டு முறை கயிறு அறுந்து, மூன்றாவது முறைதான் உயிர் போனது என்று ஒரு கதை. உடம்பில் தாயத்து இருந்தது, அதைக் கழற்றிய பிறகுதான் செத்தார் என்று அதற்கு ஒரு விளக்கம்.

தாயத்தை விடுங்கள். கயிறு அறுவது அந்தக் காலத்தில் அதிசயமே இல்லை. எடைக்கு ஏற்ப விழும் உயரத்தைக் கணக்கிட்டு, கழுத்தெலும்பு முறியும்படி தூக்கிலிடும் முறையை இங்கிலாந்தில் வில்லியம் மார்வுட் என்பவர் கொண்டுவந்ததே 1872-இல்தான். அதற்கு முன் தூக்கு என்றால் பெரும்பாலும் மெதுவாக மூச்சுத் திணறிச் சாவதுதான். நாட்டுக் கயிறு, மரக்கிளை, திடகாத்திரமான போர்வீரர் என்றால், முதல் முயற்சியில் முடியாமல் போயிருக்க வாய்ப்பு நிறைய.

இன்னொரு கதை, நவாபின் பயத்தைக் காட்டுவது. உடலை வெட்டி ஊர் ஊராக அனுப்பினார்கள் என்கிறார்கள். தலை திருச்சிக்கு, கைகள் பாளையங்கோட்டைக்கு, கால்கள் பெரியகுளத்துக்கும் தஞ்சாவூருக்கும் என்று ஒரு பட்டியல். சொல்லும் ஆளைப் பொறுத்துப் பட்டியல் மாறும், சிலர் திருவனந்தபுரத்தையும் சேர்ப்பார்கள். எஞ்சியதுதான் சம்மட்டிபுரத்தில் புதைக்கப்பட்டது என்பது நம்பிக்கை.

நவாபுக்கு மதுரை கிடைத்தது, கடன் தீரவில்லை. ஆற்காட்டு நவாபின் கடன் 1785-இல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து பேசும் அளவுக்கு ஊழல் கதையானது. 1801-இல் கர்நாடகம் மொத்தத்தையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

கோட்டையும் இப்போது இல்லை. 1840-களை ஒட்டி கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்தார். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் அப்படி வந்தவை. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொத்தளத்தின் ஒரு துண்டு கல்லாக நிற்கிறது. கீழவாசல், தெற்குவாசல் என்று பஸ் கண்டக்டர்கள் கூப்பிடும் இடங்களில் வாசல் கிடையாது. கான்சா மேட்டுத் தெரு, கான்பாளையம் என்ற பெயர்கள் இன்றும் மதுரை முகவரிகளில் இருக்கின்றன. அங்கே பார்சல் டெலிவரி செய்பவர்கள் தினமும் அவர் பெயரை டைப் செய்கிறார்கள்.