தென்னமரம் தோட்டத்துப் பிரஞ்சுத் துரை

கோலா சிலாங்கூர் பக்கம் சரக்கு வேன் ஓட்டிப் பழகிய நம் சகோதரர்களுக்குத் தென்னமரம் எஸ்டேட் தெரியாததல்ல. பெயர்தான் தென்னை, பேரெடுத்தது செம்பனை. வியாபார முறையில் செம்பனை மலாயாவில் முதன்முதல் நடப்பட்டது அங்கேதான், 1917-ல். அதைச் செய்தவர் ஆன்றி ஃபோகோன்னியே என்னும் பிரஞ்சுத் துரை.

அவர் 1879-ல் பிரான்சில் பார்பெசியே என்னும் சிற்றூரில் பிறந்தார். இங்கிலாந்தில் சில காலம் வாத்தியார் வேலை பார்த்தார். போர்னியோவில் சவ்வரிசி மரம் பயிரிட்டால் பணம் சேரும் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு 1905-ல் கப்பலேறினார். சிங்கப்பூரில் இறங்கி நாலு பேரிடம் விசாரித்ததில் சவ்வரிசியை விட ரப்பரே மேல் என்று தெரிந்தது. உடனே திட்டத்தை மாற்றிக்கொண்டார். கிள்ளான் பக்கத்தில் ஒரு துரையிடம் தோட்ட வேலை பழகினார். மலாயும் தமிழும் கற்றார். பிறகு கோலா சிலாங்கூரில் ரந்தாவ் பாஞ்சாங்கில் காட்டு நிலம் வாங்கி ரப்பர் போட்டார்.

1910-ல் ரப்பர் விலை ஆகாயத்துக்கு ஏறிற்று. கையில் காசுள்ளவரெல்லாம் காட்டை வெட்டி ரப்பர் நட்டார்கள். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு வருஷமாவது ஆகும். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவன், ஆறு வருஷம் கழித்து எல்லோருடைய பாலும் ஒரே சந்தையில் வந்து விழும்போதுதான் விற்கப் போகிறான். 1920-க்குப் பிறகு அதுதான் நடந்தது. விலை விழுந்து, 1922 முதல் 1928 வரை உற்பத்தியைச் சட்டம் போட்டுக் குறைக்க வேண்டியதாயிற்று. 1930-ல் வந்த பெருமந்தத்தில் நம் தோட்டத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

செம்பனை ஆப்பிரிக்கா மரம். 1848-ல் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு நாலே கன்றுகள் வந்தன. அதன் சந்ததி சுமத்திராவில் புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காக நின்றது. பெல்ஜியக்காரரான ஹாலே 1911-ல் அதைச் சுமத்திராவிலேயே பெரிய அளவில் பயிராக்கினார். நம் துரை அவருடைய கூட்டாளி. அங்கிருந்து விதை தருவித்தார். தென்னமரத்தில் சோபிக்காத காப்பிக்குப் பதிலாகச் செம்பனை ஏறியது. தம்முடைய ரப்பரை அவர் வெட்டி எறியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உலகம் முழுவதும் சோப்புக்கும் சமையலுக்கும் எண்ணெய் கேட்கிறது, அந்தத் தேவை குறையாது என்று கணக்குப் போட்டிருப்பார் என்பது நமது யூகம். லாபம் அவருக்கு, உழைப்பு நம்மவர்க்கு, அதையும் மறப்பதற்கில்லை.

1960-ல் மலாயாவில் செம்பனை சுமார் 55,000 ஹெக்டேர்தான். இன்று மலேசியாவில் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல்.

இந்த மாற்றம் நம் கடைகளை எப்படி அடித்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. ரப்பருக்குத் தினமும் விடியற்காலை ஆள் வேண்டும். லயன் நிறையக் குடும்பம், கடை நிறையப் பற்று. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். எங்கள் தகப்பனார் அன்றன்றைய ரப்பர் விலையை ரேடியோவில் கேட்டுக் கடன் கொடுத்தார். தோட்டத்து ஓரத்தில் வளர்ந்த செம்பனை நாற்றங்காலை யாரும் எண்ணவில்லை. ஒரு தோட்டத்தில் மறுநடவு தொடங்கிய வருஷம் முப்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் போய்விட்டன. அவர்கள் பேர் எழுதிய பற்றுப் புத்தகம் இன்னும் எங்கள் மேசையில் கிடக்கிறது.

நம் ஊரே இதற்குச் சாட்சி. பழைய கோலா குபுவில் 1883-ல் அணை உடைந்தது. அதன் பிறகு ஈயச் சுரங்க மணல் ஆற்றை வருஷா வருஷம் மேடாக்கி வெள்ளத்தைக் கொண்டு வந்தது. மேட்டில் புது ஊர் எழுந்தது 1930 வாக்கில்தான். மணல் ஒரே நாளில் வரவில்லை.

ஃபோகோன்னியே 1925-க்குப் பிறகு துனிசியாவில் குடியிருந்து, மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதற்கு 1930-ல் பிரான்சின் கொங்கூர் பரிசு கிடைத்தது. 1973-ல் காலமானார்.

செம்பனை இருபத்தைந்து வருஷம் காய்க்கும். பிறகு உயரம் எட்டாமல் வெட்டி மறுநடவு செய்வார்கள். ஆகவே நாங்கள் இப்போது எந்தத் தோட்டத்துக்குச் சரக்கு எடுத்துப் போனாலும், கிராணியிடம் சம்பள நாளை மட்டும் கேட்பதில்லை; எந்த பிளாக் எந்த வருஷம் நட்டது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்.