மலைக்கு அப்பால் பிறந்த மேதை

(காமயகவுண்டன்பட்டி மாணவர், இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் காமயகவுண்டன்பட்டிக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் மலைகளுக்கு அப்பால், அடிவாரத்தில் அமைந்த ஊர் வத்திராயிருப்பு. அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தவரே அறிவியல் மேதை கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் மேற்படிப்பு. பின்னர் கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1928-இல் இராமன் விளைவை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இராமனின் பெயரோடு இவர் பெயரும் இருந்தது. 1930-இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேறொரு கேள்வியில் மூழ்கியிருந்தார். ஒரு படிகம் எல்லாத் திசைகளிலும் ஒரே குணம் காட்டுமா?

இவர் கையாண்ட முறை எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் வைத்து, இழையின் மேல்முனையை மெல்லத் திருகுவார். ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று புரண்டுவிடும். அந்தக் கோணத்தைக் கொண்டே காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார்.

பென்சிலில் உள்ள கிராஃபைட், கார்பன் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்ட பொருள். மீண்டும் கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், 1939-இல் கங்கூலியுடன் சேர்ந்து அதை ஆராய்ந்தார். மின்சாரம் ஏட்டின் வழியே எளிதில் பாய்கிறது. ஏடுகளுக்குக் குறுக்கே பாயப் பெரிதும் தடைப்படுகிறது என்று காட்டினார்.

இப்பார்வையின் அருமை பிற்காலத்தில் மேலும் விளங்கியது. 1986-இல் சுவிட்சர்லாந்தில் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஆக்சைடு அடுக்குகள் கொண்ட பொருளில் மீக்கடத்தலைக் கண்டனர். மறு ஆண்டே அவ்வகைப் பொருளொன்று சுமார் 93 கெல்வினில் மின்தடையை அறவே இழந்தது. திரவ நைட்ரஜன் கொதிக்கும் 77 கெல்வினைவிட இது அதிகம்! காரணம் என்ன? அனைவரும் ஏற்கும் கோட்பாடு இன்னும் பிறக்கவில்லை. கோட்பாடு வகுப்போரில் பெரும்பாலோர் செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒற்றை ஏட்டிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றனர். ஏட்டுக்குள் ஒன்று, குறுக்கே வேறொன்று என்று பிரித்துப் பார்க்கும் அந்த வழியில் கிருஷ்ணன் அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருக்கிறார்.

1940-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1947-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதிய அப்பெருந்தகை 1961-இல் மறைந்தார்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். ஆராய்ச்சி பெருநகரத்தாருக்கே உரியது என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. முறுக்கு ஊசலைத் திருகி அலைவுகளை எண்ணும் நம் கைகளுக்கு இழையும் காந்தமும் புதியவை அல்ல. அவற்றைக் கொண்டு கேட்க ஒரு நல்ல கேள்வியைத் தேடுவோம்!