விருந்தோம்பிய நாகம்மையார்

வள்ளுவப் பெருந்தகை இல்லறவியலில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இளங்கோவடிகளின் கண்ணகியோ, கணவனைப் பிரிந்திருந்த நாள்களில் தான் இழந்தவற்றை எடுத்துரைக்குமிடத்து, விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்ததையும் சொல்லி வருந்துகிறாள். ஆயினும் நம் நூல்கள் விருந்தினரின் முகமலர்ச்சியைப் பேசும் அளவுக்கு, அடுப்பின் முன் நிற்பவரின் வியர்வையைப் பேசுவதில்லை.

பெரம்பலூரை அடுத்த குரும்பலூர் போன்ற சிற்றூர்களிலிருந்து வரும் மாணவர்கள் இதனை நன்கறிவர். வீட்டிலேயே நூறு பேருக்குச் சோறு ஆக்குவதெனில் முதல்நாளே வேலை தொடங்கிவிடும். கொல்லையில் அடுப்பு வெட்ட வேண்டும். விறகு சேர்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் அண்டாக்களை இரவல் வாங்க வேண்டும். உறவுப் பெண்டிர் கூடி வெங்காயம் உரிப்பதும் அம்மியில் அரைப்பதுமாக இரவு கழியும். இவ்வுழைப்பு ஒரு வீட்டுக்கு ஆண்டில் ஓரிரு முறையே வருவது. அதனையே அன்றாட வாழ்வாகக் கொண்டிருந்த ஓர் அம்மையாரை ஈண்டு நினைவு கூர்வோம். அவர், தந்தை பெரியாரின் முதல் துணைவியாராகிய ஈரோடு நாகம்மையார்.

சேலம் மாவட்டத்துத் தாதம்பட்டியில் 1885ஆம் ஆண்டு பிறந்தவர் நாகம்மையார். தந்தை ரங்கசாமி, தாய் பொன்னுத்தாய். செல்வம் குறைந்த குடும்பம். ஈரோட்டுப் பெருவணிகர் வெங்கட்ட நாயக்கர் தம் மகனுக்குச் செல்வக்குடிப் பெண்ணையே தேடினார். மகன் இராமசாமியோ நாகம்மையாரையே மணப்பேன் என்று உறுதியாய் நின்றார். 1898இல் திருமணம் நிகழ்ந்தது. மணமகளுக்கு அகவை 13, மணமகனுக்கு 19. பிறந்த ஒரே பெண்மகவு ஐந்தாம் திங்களிலேயே மறைந்தது. பின்னர் மக்கட்பேறு இல்லை.

அம்மையார் புகுந்த வீடு ஆசாரம் மிக்க வைணவ இல்லம். பாகவதர்களுக்கும் அடியார்களுக்கும் அங்கு நாள்தோறும் விருந்து உண்டு. மாமியார் சின்னத்தாயம்மையார் தீட்டும் மடியும் பார்ப்பதில் மிகக் கடுமையானவர். கணவரோ அவற்றை எள்ளி நகையாடுபவர். சிறுவயதிலேயே இசுலாமியர் முதலாய பல வகுப்பார் வீடுகளிலும் உண்டு பழகியவர். மனைவி நோன்பிருக்கும் நாளாகப் பார்த்துப் புலால் சமைக்கச் சொல்வாராம். வாழ்க்கை வரலாறு எழுதினோர் இதனைச் சுவையான குறும்பாகவே வரைந்துள்ளனர். நமக்கு அது அவ்வளவு நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை. ஒருபுறம் மாமியாரின் மடி, மறுபுறம் கணவரின் பிடிவாதம். இடையில் கரண்டி பிடித்து நின்றவர் பதின்பருவத்துப் பெண் ஒருத்தி.

1919இல் பெரியார் காங்கிரசில் சேர்ந்தபின் அவ்வீட்டின் விருந்து முறை மாறியது. பாகவதர்கள் அமர்ந்த இடத்தில் தேசத் தொண்டர்கள் அமர்ந்தனர். பொழுது பார்த்து வருவோர் இலர். முன்னறிவிப்புத் தருவோரும் இலர். எரிவாயு அடுப்போ அரைக்கும் எந்திரமோ இல்லாத காலம் அது. பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் வேளையில் மேலும் பத்துப்பேர் வந்து நின்றால், மீண்டும் உலை வைத்துப் புகைக்குள் அமர வேண்டும்.

அடுக்களையிலேயே அடங்கிவிட்டவரும் அல்லர் அவர். 1921இல் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, நாத்தனார் கண்ணம்மையாருடன் ஈரோட்டுத் தெருவில் இறங்கி மறியல் செய்தார். மறியலை நிறுத்துமாறு வேண்டியோரிடம் காந்தியடிகள், அது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரு பெண்மணிகளின் கையில் உள்ளது என்று கூறியதாகச் சொல்லப்படுகிறது. 1924இல் வைக்கத்தில் பெரியார் சிறைப்பட்ட காலத்தில் அம்மையாரும் அங்குச் சென்று அறப்போரில் கலந்துகொண்டார்.

அதே காலத்தில்தான் சேரன்மாதேவிக் குருகுலத்தில் பந்திப் பூசல் எழுந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு படைக்கப்பட்டது. காங்கிரசின் பொருளுதவி பெற்ற நிறுவனத்தில் இவ்வேற்றுமை கூடாதென வரதராசலு நாயுடுவும் பெரியாரும் போராடினர். தமிழகத்து அரசியலின் போக்கையே திருப்பிய வழக்குகளுள் அதுவும் ஒன்று. யார் பக்கத்தில் யார் அமர்ந்து உண்பது என்பதே அவ்வழக்கின் சாரம். நாடெங்கும் தலைவர்கள் இதனை மேடையில் வழக்காடிக்கொண்டிருக்க, ஈரோட்டு இல்லத்தில் நாகம்மையார் எல்லா வகுப்பாருக்கும் ஒரே பந்தியில் சோறு படைத்துக்கொண்டிருந்தார். சாதி கேட்டு இலை போடும் வழக்கம் அங்கில்லை. நம் சமுதாயத்தில் ஒரே சகனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கமுள்ள ஊர்கள் பல. அவற்றில் வளர்ந்தோருக்கு இஃது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் மாமியாரிடம் மடி பயின்ற மருமகள் அதே கையால் அனைவர்க்கும் பரிமாறினார் என்பதை எண்ணும்போதே அதன் அருமை புலனாகும்.

1925 மே 2ஆம் நாள் 'குடிஅரசு' தோன்றியது. சுயமரியாதைக் கருத்துகள் பரவப் பரவ ஈரோட்டுக்கு வருவோர் தொகையும் பெருகிற்று. 1930 மே திங்களில் இரண்டாம் மாகாண சுயமரியாதை மாநாடு ஈரோட்டிலேயே கூடியது. அந்நாள்களில் அவ்வில்லத்து அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்திருக்கும் என்பதை நாமே கணித்துக்கொள்ளலாம். அதற்குச் சற்று முன்னர்தான், 1929 டிசம்பரில் தொடங்கிய மலாயாப் பயணத்தில், கணவருடன் கடல்கடந்து சென்று திரும்பியிருந்தார் அம்மையார். 1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டு 1932 நவம்பரில் மீண்டார். வீட்டுத் தலைவர் இல்லாத அப்பதினோரு திங்களும் வீட்டையும் வந்துபோகும் தொண்டர்களையும் பேணும் சுமை அம்மையார் தோளில் இருந்தது.

கணவர் திரும்பிய ஆறே திங்களில், 1933 மே 11ஆம் நாள், நாகம்மையார் மறைந்தார். அகவை ஐம்பதைத் தொடவில்லை. மறுநாளே பெரியார் திருச்சிக்குச் சென்று, தடையுத்தரவை மீறிக் கிறித்தவச் சுயமரியாதைத் திருமணம் ஒன்றை நடத்திவைத்துக் கைதானார்.

அம்மையாரைப் பற்றி அவர் எழுதிய இரங்கலுரை 1933 மே 14 'குடிஅரசு' இதழில் வெளிவந்தது. பிறர் எவரும் அவர்மீது சாட்டாத குற்றத்தை அவரே தம்மீது சாட்டிக்கொண்ட உரை அது. பெண் விடுதலையைப் பற்றித் தாம் ஊருக்கு உரைத்ததில் நூற்றில் ஒரு பங்கேனும் நாகம்மையாரிடம் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் தகுதி தமக்கு முழுமையாக இல்லை என்று ஒளிவின்றி அறிவித்தார். அவ்வீட்டின் திண்ணையில் காத்திருந்து, அவர் கைச்சோறு உண்டு போனவர்களும் அவ்விதழைப் படித்திருப்பர்.