எலும்புக்கூடுகளை ஆட்டுவித்தவர்

மாணவர்களே! தாளில் எழுதிய ஓவியங்கள் திரையில் எழுந்து நடப்பதையும் ஆடுவதையும் நீங்கள் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். அத்தகைய படங்களைக் கார்ட்டூன் படங்கள் என்று வழங்குகின்றோம். மிக்கி மவுஸ் என்னும் சுண்டெலியை அறியாத சிறுவர் அரியர். அதனோடு சேர்த்து வால்ட் டிஸ்னியின் பெயரையும் உலகம் அறியும். ஆயின், அச்சுண்டெலியை முதன்முதல் ஓடவும் குதிக்கவும் செய்த கை மற்றொருவருடையது. இடுகாட்டில் எலும்புக்கூடுகள் எழுந்து கூத்தாடும் படமொன்றை ஏறத்தாழத் தனியொருவராகவே வரைந்து, கண்டோரை அஞ்சவும் நகைக்கவும் செய்தவரும் அவரே. அவர் பெயர் அப் ஐவர்க்ஸ்.

ஐவர்க்ஸ் அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்துக் கான்சாஸ் நகரில் 1901 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24 ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜெர்மனி நாட்டின் வடகடற்கரைப் பகுதியாகிய கிழக்கு ஃபிரிசியாவிலிருந்து குடிபெயர்ந்தவர். பெற்றோர் இட்ட உப்பே என்னும் பெயரே பின்னர் அப் எனக் குறுகிற்று. மகன் இளைஞனாய் இருந்த காலத்திலேயே தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டு அகன்றார். அன்னையைக் காக்கும் சுமை மகன்மேல் வீழ்ந்தது. பள்ளிப் படிப்பை இடையே நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்ல நேர்ந்தது. ஐவர்க்ஸ் மிகக் குறைவாகப் பேசுபவர்; நாணம் மிக்கவர். வாயால் உரைக்க இயலாதனவற்றை யெல்லாம் அவர் எழுதுகோலிடம் ஒப்புவித்தார் போலும்.

1919 ஆம் ஆண்டில் அந்நகரத்து விளம்பர ஓவியக் கூடமொன்றில் அவர் வேலைக்கு அமர்ந்தார். அங்கேதான் தம்மொத்த வயதினரான வால்ட் டிஸ்னியைக் கண்டு நட்புக் கொண்டார். டிஸ்னி பேச்சிலும் துணிவிலும் வல்லவர். ஐவர்க்ஸ் வரைவதில் வல்லவர். சின்னாளில் இருவரும் அவ்வேலையை இழந்து, 1920 சனவரியில் கூட்டாக ஓர் ஓவிய நிலையம் தொடங்கினர். அதற்குப் பெயரிடுங்கால் ஐவர்க்ஸின் பெயரை முன்னும் டிஸ்னியின் பெயரைப் பின்னும் வைத்தனர். மாற்றி வைத்தால் ஆங்கிலத்தில் அது மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர்போல ஒலிக்கும் என்பது காரணமாம். அம்மொழியில் கண்ணுக்குப் பெயர் ‘ஐ’ அன்றோ? அக்கூட்டு வெகு விரைவிற் கலைந்தது. இருவர் உறவில் ஐவர்க்ஸின் பெயர் முன்னே நின்றது அவ்வொரு முறையே.

பின்னர் டிஸ்னி 1923 இல் ஹாலிவுட் நகரம் சென்றார். அடுத்த ஆண்டில் ஐவர்க்ஸும் அங்குச் சென்று சேர்ந்தார். 1927 இல் அவர்கள் படைத்த ஆஸ்வால்ட் என்னும் முயல் நற்பெயர் பெற்றது. ஆனால் அம்முயலின் உரிமை டிஸ்னியிடம் இல்லை. 1928 இல், படங்களை வாங்கி விற்ற வணிகர் டிஸ்னியின் ஓவியர்களுட் பெரும்பாலோரைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். ஐவர்க்ஸையும் அழைத்தார், அவர் செல்ல மறுத்து நண்பரோடு நின்றார். முயலை இழந்த நிலையத்திற்குப் புதியதோர் உயிர் வேண்டியிருந்தது. அவ்வாறு பிறந்ததே சுண்டெலி. விலகிச் செல்லவிருந்த ஓவியர்கள் அறியாதபடி தனியறையில் அமர்ந்து, அச்சுண்டெலியின் முதற் படத்தை ஐவர்க்ஸ் ஒருவரே வரைந்து முடித்தார். நாளொன்றுக்கு 700 ஓவியங்கள்வரை வரைந்தார் என்பர்.

அவ்வெண்ணிக்கையின் அருமையை அறிய, இப்படங்கள் இயங்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். பேசும் படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நிமிடத்திற்கு 1,440 ஆயிற்று. ஓர் ஓவியத்தையே இருமுறை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும் நிமிடத்திற்கு 720 ஓவியங்கள் வேண்டும். கை ஒன்று மேலெழ வேண்டுமாயின், அது கீழிருக்கும் நிலை, மேலிருக்கும் நிலை, இடைப்பட்ட நிலைகள் ஆகிய அனைத்தையும் தனித்தனியே வரைதல் வேண்டும். ஒரு கோடு பிசகினும் திரையில் அக்கை துள்ளி நடுங்கும்.

சுண்டெலி ஒலியோடு கூடிய படமாக 1928 நவம்பர் 18 இல் நியூயார்க் நகரில் தோன்றி வெற்றி பெற்றது. அதன்பின், கான்சாஸ் நகரத்திலிருந்தே டிஸ்னிக்குப் பழக்கமான கார்ல் ஸ்டாலிங் என்னும் இசைஞர் புதிய கருத்தொன்றைக் கூறினார். அதுகாறும் படத்திற்கேற்ப இசை அமைந்தது. இனி இசைக்கேற்பப் படம் அமைதல் வேண்டும் என்பதே அது. ஸ்டாலிங் சிறுவராய் இருந்தபோது, ஆடும் எலும்புக்கூட்டுப் பொம்மையொன்றின் விளம்பரத்தை இதழொன்றிற் கண்டு, தந்தையிடம் காசு பெற்று அதனை வரவழைத்தாராம். அந்நினைவு அவரை விட்டகலவில்லை. எலும்புக்கூடுகள் ஆடும் படமாகவே முதற்படம் அமையட்டும் என்றார். அப்படத்தை வரையும் பொறுப்பு ஐவர்க்ஸிடம் வந்தது.

‘ஸ்கெலிட்டன் டான்ஸ்’, அஃதாவது எலும்புக்கூட்டு நடனம், 1929 இல் வெளிவந்தது. ஐந்தரை நிமிட அளவே ஓடும் கறுப்பு வெள்ளைப் படம் அது. தொடக்கத்தில் இருளில் இரு கண்கள் தோன்றுகின்றன. அவை அஞ்சி நடுங்கும் ஆந்தையொன்றின் கண்கள் எனப் பின்னர் அறிகின்றோம். காற்று வீசுகின்றது; மாதாகோயில் மணிக்கூண்டிலிருந்து வௌவால்கள் பறக்கின்றன; நாயொன்று நிலவை நோக்கி ஊளையிடுகின்றது. கல்லறைகளின்மேல் இரு பூனைகள் சீறிப் பொருகின்றன. அப்போது அவற்றிற்கிடையே ஓர் எலும்புக்கூடு மெல்ல எழுகின்றது! பூனைகள் ஓட்டம் பிடிக்கின்றன. அவ்வெலும்புக்கூடு தன் தலையையே கழற்றி ஆந்தையின்மீது எறிகின்றது. திரையை நோக்கித் தாவி வாயைத் திறந்து காண்போரை விழுங்குவதுபோல் நெருங்குகின்றது. பின்னர் நான்கு எலும்புக்கூடுகள் கைகோத்து ஆடுகின்றன. ஒன்றன் முதுகெலும்பை மற்றொன்று இரண்டு எலும்புகளால் தட்டி இசை எழுப்புகின்றது; பூனையின் வாலை இழுத்துப் பிடில் வாசிக்கின்றது வேறொன்று. சேவல் கூவுகின்றது. விடிந்ததென்று வெருண்ட எலும்புக்கூடுகள் ஒன்றோடொன்று மோதி, ஒரே உருவாய்க் குழம்பிக் கல்லறைக்குள் ஓடிப் புகுகின்றன. பாதங்கள் இரண்டு மட்டும் வெளியே நின்றுவிடுகின்றன. உள்ளிருந்து நீளும் கை அவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றது.

அச்சமும் நகையும் ஓரிடத்தே கூடி நிற்கும் சுவை இது. பரணி நூல்களிற் பேய்கள் கூழடும் பகுதியைப் படித்தவர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது. எலும்பு ஒவ்வொன்றும் இசையின் தாளத்திற்கு இம்மியும் பிசகாது அசைகின்றது என்பதே இப்படத்தில் வியத்தற்குரியது. முன்னரே எண்ணிக் கணக்கிட்டு, எந்தத் தாளத்திற்கு எத்தனை ஓவியம் என்று அட்டவணை எழுதி வைத்துக்கொண்டே ஐவர்க்ஸ் வரைந்தார்.

இப்படத்தை வரையும்போதுதான் நண்பர் இருவர்க்கும் பிணக்கு முற்றியது. தலைமை ஓவியர் முதன்மையான நிலைகளை மட்டும் வரைந்து கொடுத்தாற் போதும். இடைப்பட்டவற்றைக் குறைந்த ஊதியம் பெறும் உதவியாளர் நிரப்பலாம் என்பது டிஸ்னியின் கருத்து. ஐவர்க்ஸ் அதற்கு இசையவில்லை. முதற் கோடு முதல் இறுதிக் கோடு வரை ஒரே கையால் வரைந்தாலன்றி ஓட்டம் கெடும் என்றார். சிறுசிறு பகுதிகள் தவிர ஏனையவற்றை அவ்வாறே வரைந்தும் காட்டினார். டிஸ்னியோ, இரவில் ஐவர்க்ஸ் இல்லாத வேளையில் வந்து அவருடைய அட்டவணைகளைத் திருத்திவிட்டுச் செல்வார். காலையில் வந்து காணும் ஐவர்க்ஸ் உள்ளம் கொதித்தார். இருவர் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. தனியொருவர் கையை நம்பி ஒரு நிலையம் எத்துணை நாள் நிற்கும்? ஆயினும், பல்லாண்டு உடனுழைத்த நண்பரது பணியை அவர் இல்லாதபோது திருத்துதல் தகாது என்பதே என் துணிபு.

படம் முடிந்தபின் விற்பனையாளர் அதனை ஏற்கத் தயங்கினர். இடுகாட்டுக் காட்சியை மக்கள் வெறுப்பர் எனக் கருதினர். சுண்டெலியே வேண்டும் என்றனர். டிஸ்னி முயன்று, 1929 சூன் திங்களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் கார்த்தே சர்க்கிள் அரங்கில் அதனைத் திரையிடச் செய்தார். மக்கள் விரும்பிக் கண்டனர். வரைந்தவர் ஐவர்க்ஸ் என்று படத்தின் தொடக்க ஏட்டிலேயே எழுதியிருந்தது. எனினும் புகழ் பெரிதும் நிலையத்தின் பெயரையே சார்ந்தது.

அடுத்த சனவரியில் ஐவர்க்ஸ் நண்பரைப் பிரிந்தார். டிஸ்னிக்கு ஒலிக்கருவி வழங்கிய பேட் பவர்ஸ் என்பவர், ஐவர்க்ஸ் பெயரிலேயே தனி நிலையம் அமைத்துத் தருவதாக மறைவில் ஒப்பந்தம் செய்திருந்தார். டிஸ்னி நிறுவனத்தில் ஐவர்க்ஸுக்கு நூற்றுக்கு 20 பங்கு இருந்தது. அதனை 2,920 டாலருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அந்நிறுவனம் பின்னாளில் உலகப் பெருநிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அப்பங்கின் மதிப்பை நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

தனி நிலையத்தில் அவர் ஃபிளிப் என்னும் தவளையைப் படைத்தார். 1931 இல் வந்த அதன் படமொன்றில், புயலுக்கு அஞ்சி ஒரு வீட்டினுட் புகும் தவளைக்கு எலும்புக்கூடே விருந்து படைக்கும். வரைதிறன் குறையவில்லை, ஆனால் சுண்டெலிக்கு வாய்த்த உயிர்ப்பு அத்தவளைக்கு வாய்க்கவில்லை. கதை கூறுவதில் ஐவர்க்ஸ் வல்லவரல்லர். வரைவதிலும் அவருக்கு ஆர்வம் தளர்ந்தது. பெரும்பொழுதைக் கருவிகளோடே கழித்தார். பழைய செவ்ரலே மோட்டார் வண்டியின் உறுப்புகளைக் கொண்டு, ஓவியத் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளிவிட்டு நிறுத்திப் படம்பிடிக்கும் கருவியொன்றை அமைத்தார். அதனால் தட்டையான ஓவியத்திற்கு ஆழம் கிடைத்தது. 1936 இல் நிலையம் மூடப்பட்டது. மறு ஆண்டு வேறொரு நிறுவனத்திற்காக எலும்புக்கூடுகளை மீண்டும் எழுப்பி, இம்முறை வண்ணத்தில் ஆடவிட்டார். வண்ணம் கூடியதே தவிர அச்சம் கூடவில்லை. இருட்டும் நிலவும் மட்டுமே இருந்த பழைய இடுகாட்டையே மக்கள் நினைவில் வைத்தனர்.

1940 இல் ஐவர்க்ஸ் டிஸ்னியிடமே திரும்பினார். திரும்பியவர் ஓவியராய் அமரவில்லை. கருவிகளை ஆக்குவோராய் அமர்ந்தார். பழைய நெருக்கம் முழுவதும் மீளவில்லை என்பர்; ஆயினும் ஒருவர் திறத்தை மற்றவர் மதித்தனர். அந்நாளில் ஓவியர் வரைந்த ஒவ்வொன்றையும் மகளிர் பலர் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தகட்டின்மேல் வைத்து மையால் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ஜெராக்ஸ் முறையை அதற்கேற்ப மாற்றி, ஓவியரின் கோட்டையே நேரே தகட்டிற் பதியச் செய்தார் ஐவர்க்ஸ். 1961 இல் வெளிவந்த, 101 நாய்களின் கதையைக் கூறும் படம் முழுவதும் அம்முறையால் உருவானது. நடிகரையும் ஓவியத்தையும் ஒரே காட்சியில் இணைக்கும் முறையிலும் அவர் தேர்ந்தார். 1964 இல் வந்த ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் அதனைக் காணலாம். இத்தகைய பணிகளுக்காக இருமுறை ஆஸ்கார் விருதும் பெற்றார். ஒரு கோட்டையும் பிறர் கையில் விட இசையாதவர், பிறர் கைகளின் சுமையைக் குறைக்கும் கருவிகளிலேயே பின்னைய முப்பது ஆண்டுகளையும் செலவிட்டார்.

டிஸ்னி 1966 டிசம்பரில் மறைந்தார். ஐவர்க்ஸ் 1971 சூலை 7 ஆம் நாள் கலிபோர்னியாவின் பர்பாங்க் நகரில் மாரடைப்பால் உயிர் நீத்தார். அவர் வரைந்த எலும்புக்கூட்டுப் படத்தின் பதிப்புரிமை அமெரிக்க நாட்டில் 2024 உடன் முடிந்தது. 2025 சனவரி முதல் நாள் தொட்டு அங்கே எவரும் அதனைத் தடையின்றித் திரையிடலாம்.